பருப்பின் மேல் போட்ட பழி

எங்கள் மெஸ்ஸுக்குத் தினமும் மதியம் ஒரு மணிக்கு ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணன் ஒருவர் வருவார். வலது கால் செருப்பில் பெருவிரல் உரசும் இடத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்திருப்பார். இலை போட்டதும் முதல் கட்டளை எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, சாம்பாரைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்று. பருப்பு ஆகாது. எனக்கு யூரிக் ஆசிட்." அடுத்த மூச்சிலேயே, "ஈரல் வறுவல் ஒரு பிளேட்" என்பார்.

பதினோரு வருடமாகத் தாராபுரத்தில் அசைவ மெஸ் நடத்துகிறேன். யூரிக் ஆசிட்காரர்களை, அதாவது இரத்தத்தில் அந்த அமிலம் கூடி மூட்டில் படிந்து வலிக்கும் கவுட் நோய்க்காரர்களை, நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடிக்கப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம், நானும் அந்த வகையறாதான். என் மேசைகளில் உட்காரும் இந்த ஆட்கள் எதை ஒதுக்குகிறார்கள், எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்துவிட்டேன். பருப்பை ஒதுக்குகிறார்கள். கீரையைக் கண்டால் கையால் இலையை மறைக்கிறார்கள். காலிபிளவர் வறுவலைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். குடல் குழம்பையும் எலும்பு ரசத்தையும் மட்டும் இரண்டாம் முறை கேட்கிறார்கள். சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நான் செய்த கூத்து இதைவிடப் பெரியது.

2017 சித்திரை. வெள்ளகோவில் பக்கம் பங்காளி ஒருவர் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார். நல்ல வெயில். இரத்தப் பொரியல், ஈரல், குடல் என்று வரிசையாக உள்ளே போயின. வேப்பமரத்தடியில் மச்சான்களோடு இரண்டு பாட்டில் பீர். தண்ணீர் குடித்த ஞாபகம் இல்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரலில் ஏதோ கொட்டியதுபோல் எழுந்து உட்கார்ந்தேன். தேள்தான் என்று நினைத்து என் மனைவி டார்ச்சை அடித்துக் கட்டிலுக்கு அடியில் தேடினாள். விரல் மிளகாய்ப்பழம்போல் சிவந்து மினுமினுத்தது. போர்வை நுனி பட்டால் உயிர் போயிற்று. மின்விசிறிக் காற்றுகூடத் தாங்காமல் அதை நிறுத்தச் சொன்னேன். சித்திரை மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்பவனுக்கு எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரு கிளினிக்கில் படம் எடுத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் 6.1. "நார்மல்தான், சுளுக்கு" என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது இந்த அளவு இறங்கிக் காட்டுவது உண்டு, வலி தணிந்து இரண்டு வாரமாவது கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வீட்டில் அம்மா கையில் எடுத்தது ஆட்டுக்கால். காலுக்குக் கால்! மிளகு சீரகம் தட்டிப் போட்டு, கால் கரையும்வரை கொதிக்கவிட்டு, மூன்று நாள் காலையும் மாலையும் ஒரு சொம்பு சூப். நானும் சமையல்காரன்தானே, நானே இன்னும் கொஞ்சம் எலும்புக்கறி சேர்த்துக் கொதிக்கவிடச் சொன்னேன். பத்தாம் நாள் வலி போய்விட்டது. சூப்பின் புகழ் தெரு முழுக்கப் பரவியது.

இந்த நோயின் குறும்பே இதில்தான் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் மருந்தே சாப்பிடாவிட்டாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் அது தானாக இறங்கிவிடும். இறங்கும்போது கடைசியாக யார் என்ன கொடுத்தார்களோ அவர்களுக்குப் பெயர். மறுபடி வரும்போது முதல்நாள் என்ன சாப்பிட்டோமோ அதற்குப் பழி. நம் வீடுகளில் தினமும் இலையில் இருப்பது பருப்பு. ஆகவே எந்த நாள் வலி வந்தாலும் முதல்நாள் இலையில் பருப்பு இருந்தே தீரும். பருப்பு மாட்டிக்கொண்டது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. புத்தகத்தில் கீல்வாதம் என்று எழுதுகிறார்கள். அதே சொல்லை வயதானவர்களின் முழங்கால் தேய்மானத்துக்கும் வைத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு யாரோ சொன்ன சூப் என் பெருவிரலுக்கு வந்து சேர்ந்ததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

நான்கு மாதத்தில் இரண்டாம் முறை வந்தது. இந்த முறை வேறொரு இடத்தில், வலி தணிந்தபின் பார்த்ததில் 9.2. கையில் ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். சாப்பிடக் கூடாதவை: துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கொள்ளு, கடலை, பசலைக்கீரை, காளான், காலிபிளவர், தக்காளி, புளி... ஆட்டிறைச்சி பட்டியலின் பாதிக்குமேல்தான் வந்தது. எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை தடவை, ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. மாத்திரையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் பேசவில்லை.

அந்தத் தாளைப் பூஜை அறையில் ஒட்டாத குறை. எங்கள் பக்கத்தில் அரிசியும் பருப்பும் என்று ஒரு சாப்பாடு உண்டு. துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் அரிசியோடு சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே நெய் விட்டு, பக்கத்தில் தயிர் வைத்துக்கொண்டால் மழைநாளில் அதற்கு ஈடு கிடையாது. ஒரு வருடத்துக்குமேல் அதைத் தொடவில்லை. என் மனைவி எல்லோருக்கும் அதைச் செய்துவிட்டு, எனக்குத் தனியாகப் பருப்பில்லாத ரசம் வைப்பாள். அந்த ரசத்தைப் பற்றி எழுதினால் அவளுக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

இதற்கிடையில் மெஸ்ஸில் என்ன நடந்தது தெரியுமா? கறியை இலையில் போட்டுச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன், சத்தியமாக. ஆனால் சமையல்காரன் உப்புப் பார்க்காமல் முடியுமா? காலை பத்து மணி முதல் குழம்பு ஒரு கரண்டி உள்ளங்கையில், எலும்பு ரசம் ஒரு கரண்டி, ஈரல் வெந்ததா என்று ஒரு துண்டு, குடல் மெத்தென்று ஆனதா என்று ஒரு துண்டு. ருசி பார்ப்பதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று வைத்திருந்தேன். பின்னால் ஒருநாள் அதே அளவை ஒரு கிண்ணத்தில் சேர்த்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு பிளேட் வறுவலும் ஒரு டம்ளர் சூப்பும் வந்தன.

பானங்கள் தனிக் கதை. எடை குறைய வேண்டும் என்று காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் இரண்டு கரண்டித் தேனும். மதியம் அட்டைப் பெட்டியில் வரும் ஆரஞ்சுச் சாறு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் கரும்புச்சாறு இரண்டு கிளாஸ். தாளில் இனிப்பைப் பற்றி ஒன்றும் இல்லாததால் எல்லாம் பத்தியம் என்றே நம்பினேன். பழச்சர்க்கரையை, அதாவது பிரக்டோஸை, நம் ஈரல் உடைக்கும்போது யூரிக் ஆசிட் கூடுகிறது. சாதாரணச் சர்க்கரையிலும் பாதி அதுதான். பீரை விட்டுவிட்டேன் என்று பெருமை பேசிக்கொண்டு கரும்புச்சாற்றில் முங்கிக் கிடந்தேன்.

செர்ரி நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பேக்கரியில் கால் கிலோ வாங்கி வந்து வேளைக்குப் பத்தாகத் தின்றேன். நம் ஊர் பேக்கரியில் கேக்மேல் வைக்கும் அந்தச் சிவப்பு உருண்டைகளில் பெரும்பாலானவை சாயம் போட்டுச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். ஹோட்டல்காரன் எனக்கே அது தெரியவில்லை என்பதை என் மகள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

பிறகு 2018 புரட்டாசி. பருப்பும் இல்லை, கறியும் இல்லை. மெஸ்ஸில் பாதிக் கூட்டம்தான், உப்புப் பார்க்கும் வேலையும் குறைவு. சனிக்கிழமைகளில் பெருமாளுக்கு முழு விரதம். மூன்றாம் சனிக்கிழமை மாலைவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஞாயிறு விடியற்காலை இடது கணுக்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டது. பார்க்க வந்த அத்தை ஒருவர் குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் தெரியாமல் முட்டை சாப்பிட்டாயா?" என்று கேட்டார். உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பொருளுக்குப் பியூரின் என்று பெயர், முட்டையில் அது மிகக் குறைவு. இந்த நோய்க்காரன் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய பண்டம் முட்டை. விரதமும் தண்ணீர் குடிக்காததும்தான் காலை வாரிவிட்டன. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும். அப்போது உண்டாகும் கழிவுகள் சிறுநீரகத்தில் யூரிக் ஆசிட்டோடு போட்டி போட்டுக்கொண்டு அதை வெளியே போகவிடாமல் செய்யும். இது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கட்டிலில் கிடந்து அழுததுதான். இனி எதைத்தான் விடுவது, காற்றையா?

அதன்பிறகுதான் ஈரோட்டில் ஒரு மூட்டுவாத மருத்துவரிடம் போனேன். என் தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, என் காது மடலைத் தடவிப் பார்த்தார். காலைக் காட்ட வந்தவனுக்குக் காதை எதற்குப் பார்க்கிறார் என்று விழித்தேன். யூரிக் ஆசிட்டின் உப்புப் படிகங்கள் கட்டியாகச் சேரும் இடங்களில் காது மடலும் ஒன்றாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. என்ன குடிக்கிறீர்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வலி இல்லாத நாளில் அளவு எவ்வளவு என்று மூன்று கேள்விகள்தான்.

அவர் சொன்னதை நான் மெஸ் பாஷையில் மாற்றிக்கொண்டேன். உடம்பில் உண்டாகும் யூரிக் ஆசிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் உடம்பின் சொந்தத் தயாரிப்பு. பழைய செல்கள் அழியும்போது வருவது. மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. பெரும்பாலோருக்கு அதிகமாகச் சாப்பிடுவது முதல் குற்றம் அல்ல, வெளியேற்றுவதில்தான் குறை. பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் குழாயைத் திட்டிப் பயனில்லை, அடைப்பைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம்வரைதான் இந்த உப்பு கரைந்து நிற்கும். அதற்குமேல் போனால் படியத் தொடங்கும், குளிர்ந்த இடத்தில் சீக்கிரம் படியும். இது எனக்கு உடனே புரிந்தது. கெட்டிப் பாகு ஆறினால் விளிம்பில் சர்க்கரை பூத்துக்கொள்வதை நான் பார்க்காததா? உடம்பின் அடுப்பிலிருந்து தூரத்தில், ஆறிப்போய்க் கிடக்கும் மூலை கால் பெருவிரல்.

"பத்தியத்தால் மட்டும் எவ்வளவு குறையும், டாக்டர்?" என்று கேட்டேன்.

"நன்றாக இருந்தால் ஒன்று குறையலாம். உங்கள் 9.2 அப்போதும் 8.2. நமக்கு வேண்டியது 6-க்குக் கீழே."

பதினைந்து மாதம் பருப்பில்லாமல் இருந்தவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? பாதித் துக்கம், பாதிச் சந்தோஷம். அன்று மாலையே அரிசியும் பருப்பும் கேட்டேன்.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் ஆரம்பித்தார். உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஓடி வரச் சொன்னார். பழைய படிகங்கள் கரையத் தொடங்கும்போது வலி வரலாம், அதற்குக் காவலாகச் சில மாதங்களுக்குக் கோல்சிசின் 0.5 மில்லிகிராம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கோல்சிசின் வயிற்றைக் கலக்கியது, யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். ஐந்தாம் வாரம் விரல் மறுபடி சிவந்தது. பார்த்தாயா, மாத்திரைதான் வலியைக் கொண்டுவருகிறது என்று அலோபியூரினாலையும் தூக்கிப் போட்டேன். அவர் சொன்னதுதான் நடந்தது, அதை வைத்தே அவரைச் சந்தேகப்பட்டேன்! மூன்று மாதம் கழித்து அசடு வழியப் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. என்னைப்போல் பாதிப்பேர் இப்படித்தான் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார். படிப்படியாக 300-க்கு ஏற்றினார். 2019 கடைசியில் 5.4.

கோல்சிசின் என்றதும் ஒரு சின்னக் கதை சொல்ல வேண்டும். மூலனூரில் என் தாய்மாமாவுக்கு இரண்டு ஏக்கர் கண்வலிக்கிழங்கு. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. கிளுவை முள்ளின்மேல் ஏறிப் படர்ந்து, பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து நெருப்பாக மாறும் பூ. காலையில் ஆட்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டு மகரந்தம் சேர்ப்பார்கள். சின்ன வயதில் நானும் செய்திருக்கிறேன். காய் காய்ந்ததும் விதையை மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுவார். அது எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. "மருந்துக் கம்பெனிக்காம்" என்பார் மாமா, அவ்வளவுதான். அந்த விதையில் இருப்பது கோல்சிசின் என்று மாத்திரை அட்டையைப் பார்த்து என் மகள் சொன்னபோது, மாமா வீட்டு வேலியே என் கையில் இருப்பதுபோல் இருந்தது. இதைக் கேள்விப்பட்ட ஒரு வாடிக்கையாளர், அப்படியென்றால் இரண்டு விதையை அரைத்துக் குடித்தால் செலவு மிச்சம் அல்லவா என்று கேட்டார். மாமா கன்றுக்குட்டியைக்கூட அந்தக் காட்டுப்பக்கம் விடமாட்டார். அது உயிரைக் குடிக்கும் நஞ்சு, கிழங்கும் அப்படித்தான். மாத்திரையில் இருப்பது மில்லிகிராமில் பாதி. அதுவும் வீக்கத்தைத்தான் அடக்கும், யூரிக் ஆசிட்டைக் குறைக்காது.

மகள் கோவையில் நர்ஸிங் படிக்கிறாள். அமெரிக்காவில் மருத்துவத் துறையில் இருக்கும் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவள்தான் சொன்னாள். அதில் 730 பேருக்கு இந்த நோய் வந்தது. இறைச்சியும் மீன் வகைகளும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாக வந்திருக்கிறது. பியூரின் உள்ள காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பாலும் தயிரும், அதிலும் கொழுப்பு குறைந்தவை, சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்திருக்கிறது. "அப்பா, மோர் நல்லதாம்" என்றாள். கொங்கு நாட்டுக்காரனிடம் மோர் நல்லது என்று சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

மெஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் கால் கணக்கையும் எழுதி வருகிறேன். வலி வந்த தேதி, அதற்கு முந்தைய இரண்டு நாள் சாப்பாடு, குடித்தது, தண்ணீர். மொத்தம் ஒன்பது தடவை. பீர் நான்கில் இருக்கிறது, விரதமோ தண்ணீர்ப் பஞ்சமோ மூன்றில், ஈரல் அல்லது குடல் ஐந்தில், கருவாட்டு நெத்திலி ஒன்றில். சில தடவை இரண்டு மூன்று குற்றவாளிகள் கூட்டாக வந்திருக்கிறார்கள். இரண்டு தடவை ஒன்றுமே அகப்படவில்லை. ஒரு நாளும் பருப்பு விடுபடாத வாரங்களில் வலியும் வரவில்லை. ஒரு ஆளின் நோட்டு ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனால் என் கால் என்னுடையதுதானே.

இப்போது கறி வாரத்தில் ஒருநாள், உள்ளங்கை அளவு இரண்டு துண்டு. உறுப்புக்கறி கிடையாது. பியூரின் தண்ணீரில் கரையும் பொருள். கறியை வேகவைத்தால் அதில் ஒரு பங்கு சாற்றில் இறங்கிவிடும். ஆகவே எனக்கு வேண்டிய துண்டை வேகவைத்த தண்ணீரைக் குழம்புக்குக் கொடுத்துவிட்டு வறுத்துக்கொள்கிறேன். ஆட்டுக்கால் சூப் குடிப்பதில்லை, விற்கிறேன். உப்புப் பார்க்கும் வேலையை மாஸ்டர் பையனிடம் ஒப்படைத்ததுதான் இருப்பதிலேயே கஷ்டமான தியாகம். முதல் ஆறு மாதம் குழம்பு அவன் கைக்கு வரவில்லை, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 92 கிலோவிலிருந்து 81-க்கு இரண்டு வருடத்தில், மெதுவாக வந்தேன். வேகமாக இளைத்தாலும் வலி வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். 2021-இல் ஒரு கல்யாணத்தில் பீர் குடித்து மாட்டியதோடு சரி.

பீர்தான் ஆகாது, பிராந்தி பரவாயில்லை என்று சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பீர் கூடுதல் மோசம் என்பது உண்மைதான், ஆனால் பிராந்தியும் சும்மா விடுவதில்லை. அவரோடு வாதம் செய்வதை நிறுத்திவிட்டேன்.

மனதை வருத்தியது உடுமலைப்பேட்டை அம்மாள் ஒருவர். அறுபதைத் தாண்டியவர், பிறந்ததிலிருந்து சைவம். என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, யாரோ கொடுத்த தாளைப் பார்த்துப் பருப்பு, பயறு, கீரை, காளான் அத்தனையும் விட்டு, வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டு எலும்பும் தோலுமாக இருந்தார். சைவக்காரருக்குப் பருப்பையும் எடுத்துவிட்டால் புரதத்துக்கு எங்கே போவார்? அவர் இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரையில் நீர் பிரியவைக்கும் மருந்து கலந்திருந்தது. சில வகைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும் என்று நான் கேட்டிருந்தேன். "நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அத்தை, அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னேன். டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் போனில் பேசியபோது அத்தை பாசிப்பருப்புப் பாயசம் செய்திருப்பதாகச் சொன்னார். வெல்லம் குறைத்துப் போடச் சொன்னேன், திட்டு வாங்கினேன்.

கண்டக்டர் அண்ணனிடம் வருகிறேன். போன வாரம் அவர் கேட்ட ஈரலைக் கொண்டுபோகவில்லை. கெட்டியாகக் கடைந்த பருப்பு ஒரு கிண்ணம், மேலே நெய், இலை ஓரத்தில் வைத்தேன். "இது எதற்கு?" என்றார். சொன்னேன். பெருவிரலிலிருந்து பாகுவரை, தொட்டி அடைப்புவரை எல்லாம் சொன்னேன். டாக்டரைப் பார்க்க என் செலவில் ஈரோட்டுக்குக் கூட்டிப் போவதாகவும் சொன்னேன். பாம்பைத் தொடுவதுபோல் ஒரு விரலால் பருப்பைத் தொட்டார். பிறகு சோற்றில் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கிண்ணம் காலியானது.

"எத்தனை வருடம் ஆயிற்று, தம்பி" என்றார். கண்ணில் நீர்கூட வந்த மாதிரி இருந்தது. நான் பில்லில் பருப்புக்குக் காசு போடவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஆட்டுக்கால் சூப் இருக்கிறதா? பார்சல் ஒன்று."